தலைவர் வீட்டு அடுப்படி

எங்கள் தெருவில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் ரொம்பக் குறைவு. பால்காரர், காய்கறிக்காரம்மா, தபால்காரர் எல்லோருக்குமே நான் ‘ஃபுட்பால் தலைவர் வீட்டம்மா’தான். 2012-லிருந்து 2023 வரை, சரியாகப் பதினோரு வருஷம் அந்தப் பட்டத்தோடு காலம் தள்ளினேன். ஒரு அணிக்குப் பதினோரு பேர், எனக்குப் பதினோரு வருஷம்!

போடிநாயக்கனூர் என்றால் உங்களுக்கு ஏலக்காய் வாசனை ஞாபகம் வரும். என் கணவருக்கும் அந்தத் தொழில்தான். மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கித் தோட்டங்களில் விளைகிற காய் கீழே இறங்கி வந்து, எங்கள் ஊரில் சலித்து, தரம் பிரித்து, விலை பேசி வெளியூர் போகும். பெரிய பணக்காரர்கள் இல்லை நாங்கள். காய் விலை ஏறினால் வீட்டில் சிரிப்பு, இறங்கினால் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு இருக்காது.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்னை வெடித்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கம்பம் பள்ளத்தாக்கே தெருவுக்கு வந்துவிட்டது. எல்லைச் சாலைகள் அடைபட்டு, தோட்டத்துக்கு வேலைக்குப் போன ஜனங்கள் வீட்டோடு உட்கார்ந்தார்கள். எங்கள் கடையிலும் தராசு தூங்கியது. அது ஓய்ந்து தொழில் தலைநிமிர்ந்த சமயத்தில்தான் ஒருநாள் பத்துப் பன்னிரண்டு பையன்கள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு வாசலில் வந்து நின்றார்கள். “அண்ணே, நம்ம கால்பந்துக் கழகத்துக்கு நீங்கதான் தலைவரா இருக்கணும்.”

அவர் பள்ளிக்கூட நாளில் ‘ரைட் அவுட்’ ஆடினவர். அந்த ஒரு பெருமை போதாதா! முகம் மலர்ந்துவிட்டது. நான் உள்ளே காப்பி கலந்துகொண்டே, ‘சரி, பொன்னாடையும் மாலையும் வாங்கிக்கொள்ளட்டும், நமக்கென்ன நஷ்டம்’ என்று நினைத்தேன். எவ்வளவு வெகுளி நான்!

தலைவர் பதவி என்றால் மேடையில் உட்காருவது என்று நினைக்காதீர்கள். யார் ஆடுவது, யார் உட்காருவது என்பதெல்லாம் பயிற்சியாளர் வேலை. அதில் தலைவர் மூக்கை நுழைக்கக் கூடாது. பந்து, வலை, பூட்ஸ், மைதானத்தில் முள் வெட்டுகிற கூலி, வெளியூர் ஆட்டத்துக்குப் போக வண்டி, நடுவருக்குப் படி, கால் பிசகினால் எக்ஸ்ரே செலவு, மத்தியானச் சாப்பாடு... இதற்கெல்லாம்தான் தலைவர்! பெரியகுளத்தில் கோடைதோறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கிறதே, அதைப் பார்த்துவிட்டு வரும்போதெல்லாம், “நம்ம ஊர்லயும் இப்படி ஒண்ணு நடத்திப் பாக்கணும்” என்பார். எனக்கு வயிற்றைக் கலக்கும்.

முதல் வருஷமே சண்டை வந்தது. பீரோவில் சேலை மடிப்புக்குள் நான் வைத்திருந்த சீட்டுப் பணம் பன்னிரண்டாயிரம் காணோம். விசாரித்தால், ஜெர்சி தைக்கக் கொடுத்தாராம்!

“ஊருக்குச் செய்றதுதானே...”

“செய்யுங்க. வேணாங்கலே. புள்ளைங்களுக்கு ஃபீஸ் கட்டிட்டுச் செய்யுங்க. என்னைக் கேட்டுட்டுச் செய்யுங்க.”

மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் கறுப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். “இனிமே கிளப் செலவு இதுல தனி. வீட்டுப் பணத்துல கை வைக்க மாட்டேன். மாசம் இவ்வளவுதான்னு நீயே சொல்லு.” அன்றிலிருந்து கிளப் கணக்கு என் கையெழுத்தில்தான். சகோதரிகளே, உங்கள் வீட்டுக்காரரும் கோயில் கமிட்டி, சங்கம் என்று ஏதாவது பொதுக்காரியத்தில் இருந்தால் தடுக்காதீர்கள்; ஆனால் முதல் நாளே ஒரு தனி நோட்டுப் போட்டுவிடுங்கள். பாதிச் சண்டை மிச்சம்.

நான் எழுத உட்கார்ந்தது இந்தக் கதைக்காக மட்டும் இல்லை. என் மகளைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

2013-ல் அவளுக்கு வயது பதினாலு. பையன்களுடைய பந்துக்கெல்லாம் காற்று அடித்துக் கொடுப்பது, பூட்ஸ் கயிறு கோப்பது எல்லாம் அவள்தான். கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பந்தைக் காலால் தட்டித் தட்டி நூறு வரை எண்ணுவாள். ஒருநாள் சாயங்காலம் கேட்டாள்: “அம்மா, நானும் மைதானத்துக்குப் போகட்டா? ஒரு ஓரமா ஆடிட்டு வர்றேன்.”

“ஏண்டி, உனக்கென்ன பைத்தியமா? வெயில்ல கறுத்துப் போவே. கால் கை ஒடிஞ்சா எவன் வந்து கட்டுவான்? நாலு பேரு என்ன பேசுவாங்க?” என்று ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் ஜெர்சி வாங்கிக் கொடுக்கிற தலைவர், அன்றைக்குப் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அவள் கேட்கவே இல்லை. கொல்லையில் பந்துச் சத்தமும் நின்றுவிட்டது. நான் நிம்மதியாக இருந்தேன். கேட்பதை நிறுத்திவிட்ட பிள்ளை சமாதானமாகிவிட்டது என்று நினைத்தேன்.

2019 மே மாதம். மதுரையில் பிசியோதெரபி படித்துக்கொண்டிருந்தவள் விடுமுறைக்கு வந்திருந்தாள். ஒருநாள் பேப்பரைக் கொண்டுவந்து, நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்த முறத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள் அணி, இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை வென்றிருந்தது. லூதியானாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று ஜெயித்திருந்தார்கள்.

“சீனி முகைதீன்னு ஒருத்தரும்மா. பொண்ணுங்களுக்குன்னே 2016-ல இந்தக் கிளப்பை ஆரம்பிச்சார். மூணே வருஷத்துல இந்தியாவுக்கே முதல் இடம். நம்ம போடியிலேர்ந்து நூறு கிலோமீட்டர்கூட இல்ல” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “நம்ம அப்பாவும் தலைவர்தான்” என்று மட்டும் சொன்னாள்.

கீரைக் காம்பு என் கையிலேயே நின்றுவிட்டது.

அவள்தான் அப்புறம் பல விஷயம் சொன்னாள். அதற்கு முந்தின வருஷமே, 2018-ல், கட்டாக்கில் நடந்த தேசியப் போட்டியில் நம் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்து முதல் முறையாகப் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் அப்போது இந்திய அணிக்கே ஆடிக்கொண்டிருந்தார், நம் போலீசில் சப்-இன்ஸ்பெக்டராகவும் இருந்தார். (கொரோனா ஊரடங்கில் சென்னைத் தெருவில் அவர் காவல் பணி பார்த்த செய்தியைப் பின்னால் நானே படித்தேன்.)

இங்கிலாந்துக் கதைதான் என்னை ரொம்பச் சுட்டது. 1920 டிசம்பர் 26-ல் லிவர்பூலில் ஒரு தொழிற்சாலைப் பெண்கள் அணியின் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் கூடினார்களாம். மறுவருஷமே அந்த நாட்டுக் கால்பந்துச் சங்கம், ‘இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல’ என்று சொல்லி, சங்கத்து மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டது. அந்தக் கதவு திறக்க ஐம்பது வருஷம் ஆயிற்று. வெள்ளைக்காரச் சங்கம் 1921-ல் சொன்னதைத்தானே நான் 2013-ல் என் வீட்டு அடுப்படியில் நின்று சொன்னேன்!

அன்று ராத்திரி அவரிடம் சொன்னேன்: “நம்ம பொண்ணுக்கு வயசு தாண்டிடுச்சு. மத்த பொண்ணுங்களுக்காவது செய்ங்க.”

அவர் ரொம்ப நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அன்னைக்கு நான் பேப்பரை வச்சு மூஞ்சிய மறைச்சுக்கிட்டேன்ல?” என்றார். அவருக்கும் மறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கமிட்டியில் எதிர்ப்பு வராமலா இருக்கும்! மைதானம் யாருக்கு, எந்த நேரத்தில் என்று ஏகப்பட்ட வாக்குவாதம். கடைசியில் காலை ஐந்தரை முதல் ஏழு வரை பெண்களுக்கு என்று முடிவானது. ஆனால் பெண்களை அனுப்ப வேண்டுமே! ஆண்கள் போய்க் கேட்டால் எந்த வீட்டில் அனுப்புவார்கள்? நான்தான் படியேறினேன்.

எங்கள் பக்கத்தில் விடியுமுன்னே ஜீப் ஜீப்பாகப் பெண்கள் ஏலத்தோட்டத்துக்கு மலையேறுவார்கள். அம்மா மலைக்குப் போய்விட்டால் வீட்டில் சோறு பொங்கி, தம்பி தங்கையைக் கிளப்பிப் பள்ளிக்கூடம் அனுப்புவது மூத்த பெண்தான். அந்தப் பிள்ளையைப் போய் ‘விளையாட அனுப்புங்கள்’ என்று கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்று நான்கு வீடு ஏறின பிறகுதான் புரிந்தது. ஒரு தாயார் சொன்னார்: “மதினி, உங்க புள்ளைய அனுப்பியிருந்தா நானும் அனுப்புவேன்.” எனக்குப் பதில் இல்லை. “நான் அனுப்பாம விட்டது தப்புன்னுதான் உங்ககிட்ட வந்திருக்கேன்” என்றேன். மறுநாள் அவர் மகள்தான் முதல் ஆளாக மைதானத்தில் நின்றாள்.

பதினாறு பெண்கள் சேர்ந்தார்கள். அந்த ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ ஏழாயிரம் ரூபாய் வரை ஏலம் போய் ஊரே அதிசயப்பட்டது. முந்தின வருஷத்து வெள்ளத்தில் மலைத்தோட்டங்கள் சேதமாகிக் காய் வரத்துக் குறைந்துபோனதால் வந்த விலை அது. கையில் இருந்த காய்க்கு நல்ல பணம். பெண்களுக்குப் பூட்ஸும் ஜெர்சியும் தடையில்லாமல் வந்தன.

2020 ஜனவரியில் ஒரு காலை, ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண் அப்படியே மைதானத்தில் சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 8.4! அந்த வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் குறையக் கூடாதாம். மற்ற பெண்களுக்கும் பார்த்தோம். பதினாறு பேரில் ஒன்பது பேருக்கு ரத்தசோகை. நம் நாட்டில் 2019-21-ல் எடுத்த குடும்ப நலக் கணக்கெடுப்பிலேயே 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை என்று வந்ததே! விளையாட்டு அந்தப் பெண்ணை வீழ்த்தவில்லை. ஏற்கெனவே அவள் உடம்பில் இருந்த குறையை வெளியே காட்டிக் கொடுத்தது, அவ்வளவுதான். விளையாடாத பெண்கள் அடுப்படியிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டு, ‘ஒண்ணுமில்லே, பித்தம்’ என்று சொல்லிவிடுகிறோம்.

காலையில் ஒரு டம்ளர் டீ, அவ்வளவுதான் அந்தப் பிள்ளைகளின் ஆகாரம். டாக்டரம்மா சொன்னதை நான் நோட்டில் எழுதி வைத்தேன். உங்கள் வீட்டுப் பெண்ணுக்கும் உதவும்:

சாப்பாட்டோடு டீ, காப்பி வேண்டாம். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டீ, இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. கீரை, பயறு, கேழ்வரகு, கம்பு சாப்பிடும்போது கூடவே எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஏதாவது ஒன்று. புளிப்பிலுள்ள வைட்டமின் ‘சி’ இரும்புச் சத்தைச் சேர வைக்கும். அசைவம் சாப்பிடுகிறவர்கள் வாரம் ஒருமுறையாவது ஈரலோ மீனோ சேர்க்கலாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பூச்சி மாத்திரை. பள்ளிக்கூடத்தில் வாரம் ஒன்று கொடுக்கிற இரும்புச் சத்து மாத்திரையை, ‘வயிற்றைப் புரட்டுது’ என்று தூக்கிப் போடாமல், வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு விழுங்க வேண்டும். மாதவிடாயில் அதிகமாகப் போகிறதென்றால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ரத்தம் ரொம்பக் குறைவாக இருந்தால் சாப்பாடு மட்டும் போதாது, மருந்தும் வேண்டும்.

அன்றிலிருந்து என் அடுப்படி கிளப் அடுப்படியானது. காலையில் பயிற்சி முடிந்ததும் ஆளுக்கு ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு கடலை உருண்டை, ஒரு கொய்யாத் துண்டு. வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை போட்ட கம்பு அடை. நாலு மாதத்தில் விழுந்த பெண்ணுக்கு 11.2 ஆனது. ஊரடங்கில் மைதானம் பூட்டியிருந்தபோதும், பையன்களை விட்டுக் கடலையும் வெல்லமும் பதினாறு வீட்டுக்கும் கொடுத்தனுப்பினேன்.

என் மகளும் சும்மா இருக்கவில்லை. பெண்களுக்கு முழங்கால் உள் தசைநார் அறுந்துபோவது பையன்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று சொல்லி, ஃபிஃபா வகுத்திருக்கிற இருபது நிமிஷப் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தாள். குதித்தால் முழங்கால் உள்பக்கம் மடங்காமல் இறங்குவது எப்படி, ஒற்றைக் காலில் நிற்பது எப்படி என்று மாதம் ஒருமுறை வந்து காட்டுவாள். பந்தை மட்டும் தொட மாட்டாள். நானும் கேட்கவில்லை.

2021-ல் எங்களுக்கு வந்தது சோதனை. ஏழாயிரம் போன காய், ஆயிரம் ரூபாயைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதிக விலைக்கு வாங்கி வைத்திருந்த சரக்கில் பெரிய அடி. ஒருநாள் ராத்திரி, “உன் வளையலை வச்சு இந்த வருஷம் ஓட்டிரலாமா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கடைக்கு என்று நினைத்தேன். கிளப்புக்கு!

“நான் விட்டா கிளப் போயிரும். அந்தப் பொண்ணுங்க மறுபடியும் வீட்டுல உக்காந்துருங்க” என்றபோது அவர் குரல் உடைந்துவிட்டது.

கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. ஒரு மனுஷர் பையில் தொங்குகிற கிளப், அந்தப் பை கிழிந்தால் என்ன ஆகும்? உலகம் முழுக்க இந்தக் கதைதான். இங்கிலாந்தில் பிளாக்பர்ன் ஊரில் ஜாக் வாக்கர் என்று ஒரு இரும்பு வியாபாரி. கம்பெனியை விற்ற பணத்தைத் தன் ஊர் கிளப்பில் கொட்டினார். 1995-ல் நாட்டுக்கே முதல் இடம்! 2000-ல் அவர் காலமானார். 2010-ல் அந்த கிளப்பை வாங்கினது யார் தெரியுமா? நம்ம புனே வெங்கிஸ் கோழிக் கம்பெனி! 2012-ல் முதல் பிரிவிலிருந்து இறங்கி, 2017-ல் மூன்றாம் பிரிவுக்கே போய்விட்டது. பஞ்சாபில் ஜே.சி.டி. மில் நடத்தின அணி எத்தனையோ கோப்பை வாங்கினது, 2011-ல் கலைத்துவிட்டார்கள். எஜமானரின் மனசும் மடியும் இருக்கிற வரைதான் ஆட்டம்.

“வளையலை வைக்கலாம். ஆனா அடுத்த வருஷம் எதை வைப்பீங்க?” என்று கேட்டேன். கறுப்பு அட்டை நோட்டை எடுத்து வந்து இருவருமாக விடிய விடியக் கணக்குப் போட்டோம். ஒன்பது வருஷக் கணக்கும் என் கையெழுத்தில் இருந்ததால் எது அவசியம், எது ஆடம்பரம் என்று பளிச்சென்று தெரிந்தது. பொன்னாடை, ஃபிளெக்ஸ் போர்டு, பரிசளிப்பு விழா விருந்து, இவற்றை அடித்தால் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது!

மறுவருஷம் கிளப்பை, 1975-ம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தோம். மாசம் ஐம்பது ரூபாய் சந்தா. ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்குழுவில் வரவு செலவு வாசிக்க வேண்டும். தோட்டத்துக்குப் போகிற அம்மாக்கள்தான் முதலில் சந்தா கொடுத்தார்கள் என்றால் நம்புவீர்களா? “எங்க புள்ள கிளப்பு, நாங்க குடுக்காம?” என்றார்கள். வளையல் என் கையிலேயே இருக்கிறது.

2022 மே மாதம் சேது அணி மறுபடியும் பட்டத்துக்கு வந்தது. எதிரே கேரளத்தின் கோகுலம். அதுவும் சிட்பண்டு நடத்துகிற ஒரு தொழிலதிபர் குடும்பத்து அணிதான். இரண்டும் அதுவரை ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் பதினாறு பெண்களும் கூடி உட்கார்ந்து பார்த்தார்கள். 1-3 என்று சேது தோற்றதும் ஒருத்தி ஓவென்று அழுதாள். “அழாதே, அடுத்த வருஷம் நீ போய் ஆடு” என்றார் என் கணவர். அதே மாதம்தான், அகலப்பாதை வேலைக்காகப் பன்னிரண்டு வருஷமாக ரயிலே இல்லாமல் இருந்த தேனிக்கு மதுரையிலிருந்து ரயில் வந்தது. 2023 ஜூனில் போடிக்கே வந்துவிட்டது. பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே மதுரைக்கு ஆடப் போன பெண்கள், இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு போகிறார்கள். அந்த மாதக் கடைசியிலேயே அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று தமிழ்நாட்டுப் பெண்கள் இரண்டாம் முறை தேசியப் பட்டம் வாங்கினார்கள்.

அந்த வருஷப் பொதுக்குழுவில் என் கணவர் தாமாகவே எழுந்து, “பதினோரு வருஷம் போதும்” என்று சொல்லி விலகினார். ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியை ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கூடக் கழற்றாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். சுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். “நான் இல்லாமலும் நடக்கும்ல?” என்றார். “நடக்கும். அதுக்குத்தானே இவ்வளவு பாடுபட்டீங்க” என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

என் மகள் இப்போது மதுரையில் வேலை பார்க்கிறாள். சென்ற தடவை வந்தபோது, ரொம்ப நாளாக மனசுக்குள் வைத்திருந்ததைக் கேட்டேன். “உன்னை அன்னைக்கு விட்டிருந்தா நீயும் பெரிய ஆளா வந்திருப்பியோ?”

“வந்திருக்க மாட்டேம்மா. அவ்வளவு ஒண்ணும் நல்லா ஆட மாட்டேன்” என்று சிரித்தாள். கொஞ்சம் பொறுத்து, “ஆனா நீ ஒரே ஒரு தடவை கொல்லைக்கு வந்து, நூறு தட்டுறேனான்னு நின்னு பாத்திருக்கலாம்” என்றாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் சுண்டல் தூக்கோடு நான் மைதானத்துக்குப் போய்விடுகிறேன். எனக்கு ஆட்டத்தில் ஆஃப்சைடு என்றால் இன்னும் புரியவில்லை. ஆனால் யாராவது ஒரு பெண் ஓரமாக நின்று பந்தைத் தட்டிக்கொண்டிருந்தால், பக்கத்தில் போய் நின்று எண்ணுகிறேன். உங்கள் வீட்டுக் கொல்லையிலும் ஏதாவது சத்தம் கேட்டால், அடுப்பைக் கொஞ்சம் தணித்து வைத்துவிட்டு எட்டிப் பாருங்கள்.